உட்காராத மாப்பிள்ளை

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, குதிகால் வலி விடியற்காலையில்தான் அதிகம். படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வார். நாலு எட்டு நடந்தால் வலி இளகிவிடும். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். "குழாய்ச் சத்தம் கேட்டாத்தான் உன் தம்பிக்குக் கால் வலிக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே அப்பா வாளியைத் தூக்குவார்.

மாமா ஃபோர்ட் பகுதியில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர். நாள் முழுவதும் கல் தரையில் நின்றபடியே வேலை. நிற்கும்போது பொறுத்துக்கொள்வார். உட்கார்ந்து எழுந்தால் உயிர் போகும். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் செங்கல். அடுப்பில் சுட்ட செங்கல்லின்மேல் எருக்கிலையைப் போட்டு அதில் குதிகாலை ஒற்றி எடுக்க வேண்டும். இலை பறிக்க ரயில்பாதை ஓரத்துக்கு நான் போவேன். இந்த ஊர் மாருதிக்கே சனிக்கிழமைதான் எருக்கிலை மாலை, நம் வீட்டுச் சுவாமிக்குத் தினமும் என்பார் அப்பா.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. முதலில் வந்த பெண் வீட்டார், மாமா பாயிலிருந்து எழுந்து நொண்டியதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் கால் ஊனம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு வருஷம் யாரும் ஜாதகம் கேட்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் புனாவிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா அங்கே ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். தம் அண்ணாவோடு மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். ரேஷன் சர்க்கரை முழுவதும் கேசரிக்குப் போயிற்று. அம்மா மாமாவுக்கு ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

"அவா போற வரைக்கும் உக்காராதே. உக்காந்தாத்தானே எழுந்துக்கணும்?"

அவர்கள் வந்தார்கள். அண்ணா பாயில் சம்மணமிட்டு பஜ்ஜித் தட்டை மடிக்கருகில் இழுத்துக்கொண்டார். கம்பவுண்டர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்கோ" என்றார் மாமா.

"இருக்கட்டும். நீங்க முதல்ல உக்காருங்கோ" என்றார் அவர்.

இரண்டு பேரும் அசையவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஓடிப்போய் இரண்டு மணைகளை எடுத்து வந்து அவர்கள் காலடியில் போட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைசியில் இரண்டு பேரும் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களைப்போல நின்றபடியே பஜ்ஜி தின்றார்கள். நடுவில் கம்பவுண்டர் மூக்கை உறிஞ்சினார். அடுப்பு மூலையைப் பார்த்தார். காலையில் சுட்ட செங்கல்லில் எருக்கிலை கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு மாமாவின் காலைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் மாமாவின் புது வேஷ்டிக் கரையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றார் கம்பவுண்டர்.

அம்மா உள்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர்கள் முன்னால் உட்காராத பிள்ளையை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது என்று அண்ணா படி இறங்கும்வரை புகழ்ந்தார். அப்பா மறுநாள் முதல் அதையே கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கல்யாணம் ஆனபின், தலைதீபாவளிக்கு அழைக்கக் கம்பவுண்டர் வந்து ஓர் இரவு எங்களோடு தங்கினார். விடிந்ததும் மாமா எழுந்து சுவரைப் பிடித்தார். அவரும் எழுந்து எதிர்ச் சுவரைப் பிடித்தார். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுக்கிற மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். அம்மா இரண்டாவது செங்கல்லை அடுப்பில் வைத்தாள். அப்பா அன்றைக்குக் குழாயைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் எருக்கிலைகளைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். சம்பந்தம் செய்துகொண்டால் குதிகால் வலி ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெளிவாகிவிட்டது. நான் கல்யாணமே செய்துகொள்ளப் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.