கேரட் தோட்டத்துக் காஷ்மீர்க்காரன்

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து காரில் கிளம்பினோம். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பறவைப் பைத்தியம் எனக்கு மட்டும்தான். அவருக்குக் கோழியைத் தவிர வேறு பறவையில் அக்கறை கிடையாது, அதுவும் குழம்பில் கிடந்தால். ஆனாலும் கேமராவின் முக்காலியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று ஒவ்வொரு குளிர்காலமும் அவரை இழுத்துக்கொண்டு நீலகிரிக்குப் போகிறேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார்.

தேடிப் போனது காஷ்மீர் ஈப்பிடிப்பான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவி. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செங்கல் நிறம், அதைச் சுற்றிக் கறுப்பில் கரை. கோடையில் காஷ்மீர்ப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் மலைகளுக்கு வந்துவிடும். இரண்டு குளிர்காலம் இதற்காக அலைந்துவிட்டேன். முதல் தடவை மழை. அடுத்த தடவை குருவி வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்துபோனது. இந்தத் தடவையும் படம் கிடைக்காவிட்டால் கேமராவை விற்று கிரைண்டர் வாங்கிவிடுவேன் என்று ஆத்திரத்தில் சொல்லியிருந்தேன். அவர் கிரைண்டர் விலையெல்லாம் விசாரித்து வைத்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஐம்பத்தொரு கிலோமீட்டர். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்டினோம். மலைக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்றதும், தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் இரண்டு பாட்டிலையும் அவர் அங்கேயே நின்று குடித்து முடித்தார். அதன் பலனாகக் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் வண்டியை மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. பர்லியாறில் டீ பதினைந்து ரூபாய். சூடு இருந்தது, ருசி பரவாயில்லை.

மாலை ஐந்தரைக்குக் கேத்திப் பள்ளத்தாக்கில் ரங்கசாமி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். வீட்டுக்குப் பின்னால் அவருடைய கேரட் தோட்டம், அதற்கு மேலே யாரோ ஒருவரின் தேயிலை, உச்சியில் கற்பூர மரங்கள். மாடியில் இருக்கும் ஒரு அறையை வாடகைக்கு விடுகிறார். ராத்திரிச் சாப்பாட்டோடு ஆயிரத்து இருநூறு. போனில் குருவியின் படத்தைக் காட்டினேன். அவர் மனைவி சரோஜா அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“இதுங்களா! காலைல நம்ம வேலிக்கால் மேல வந்து குந்திக்கிட்டு வால ஆட்டிக்கிட்டிருக்குமுங்க. இதப் பாக்கவா அம்மிணி இத்தன தூரம் வந்தீங்க?”

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டுக்காரர் மூன்று கம்பளிக்குள் புகுந்து குறட்டை விட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை. கேரட் தழைகளின் மேல் உறைபனி கல்லுப்பைத் தூவியது போலப் படிந்திருந்தது. எனக்கு ஒரே குஷி. வேலியிலிருந்து பத்தடி தள்ளி முக்காலியை நிறுத்தி, அக்கா சொன்ன வேலிக்காலுக்கு நேராக லென்ஸைத் திருப்பி வைத்துக் குந்திக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்குக் காஷ்மீர்க்காரன் வந்தான். அதே வேலிக்கால். வாலை வெடுக்கென்று தூக்கினான், தரையில் குதித்தான், எதையோ கொத்திக்கொண்டு திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்தான். பட்டனை அமுக்கித் தள்ளினேன். எடுத்துப் பார்த்தால் எல்லாப் படமும் மங்கல். பள்ளத்தாக்கில் இன்னும் நிழல். அந்த வெளிச்சத்தில் அசைகிற குருவியைத் தெளிவாகப் பிடிக்க முடியாது. எதிரே உச்சியில் கற்பூர மரங்களின் மேல் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அது இறங்கி இந்த வேலி வரை வந்தால் போதும்.

அப்போது ரங்கசாமி அண்ணன் மோட்டார் ரூமை நோக்கி நடந்தார். நான் பதறிக் கையைக் காட்டினேன்.

“அண்ணா, ஒரு உதவிங்க. வெயில் வர்ற வரைக்கும் மோட்டார் போடாதீங்க. சத்தம் கேட்டாப் பறந்துருமுங்க.”

அவர் மலையுச்சியை ஒரு தரம் பார்த்தார். “சரிங்க அம்மிணி, எடுங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன தங்கமான மனுசர் என்று நினைத்துக்கொண்டு லென்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

வெயில் கற்பூர மரங்களை விட்டுத் தேயிலைக்கு இறங்கியது. ஒவ்வொரு வரிசையாக அது இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். குருவியும் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து காதருகே குனிந்தார். மோட்டார் எங்கே கண்டாலும் பக்கத்தில் போய் நிற்பது அவர் வழக்கம். அங்கே சரோஜா அக்காவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

“அம்மிணி, அந்தக்கா மொகமே சரியில்ல. என்னன்னு கேட்டேன். வெயில் படறதுக்கு முன்னாலயே தண்ணியடிச்சுப் பனியக் கழுவி வுடோணுமாம். பனி மேல வெயில் பட்டுச்சுன்னாத் தழையெல்லாம் கருகிருமாம். அடுத்த மாசம் புடுங்கற கேரட்டு. வந்தவங்க கேட்டுட்டீங்களேன்னு அண்ணன் வாயத் தொறக்காம நிக்கறாரு.”

தலை நிமிர்ந்து பார்த்தேன். வெயிலுக்கும் கேரட்டுக்கும் நடுவில் நாலு வரிசைத் தேயிலைதான் பாக்கி. நான் காத்திருந்த அதே வெயிலுக்குத்தான் அவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் என்ன ஆகிவிடும் என்று மனசு ஒரு கணம் கேட்கத்தான் செய்தது. சரோஜா அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அண்ணா, மோட்டாரப் போடுங்க!” என்று கத்தினேன். மோட்டார் சத்தத்துக்கு முன்பே என் சத்தத்தில் குருவி பறந்துவிட்டது.

ஸ்பிரிங்ளர் சுழன்றது. அது தோட்டத்தின் நடுவுக்குத்தான் எட்டும். ஓரங்களுக்கு ஹோஸ் பிடித்துத்தான் அடிக்க வேண்டும். கேமராவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரரை நிறுத்திவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு ஹோஸை வாங்கிக்கொண்டேன். தண்ணீரா அது! விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

“வுடுங்க அம்மிணி, கை வெறச்சுப் போகுமுங்க” என்றார் அண்ணன்.

“நான் இழுத்து வெச்ச வேலைங்கண்ணா, நானே பாக்கறேன்.”

கடைசிப் பாத்தியை நனைத்து முடிக்கவும் வெயில் தோட்டத்தில் கால் வைக்கவும் சரியாக இருந்தது. அது வேலி வரை இறங்கியதும் சரோஜா அக்கா ஓரத்துத் தழைகளைத் தடவிப் பார்த்தார். “பச்சையாத்தான் இருக்குதுங்க” என்று அவர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. குருவி போனால் போகிறது, கிரைண்டர் வரட்டும் என்றே தோன்றிவிட்டது.

“அம்மிணி, அசையாத!”

வீட்டுக்காரரின் குரல். காஷ்மீர்க்காரன் திரும்பி வந்து, எனக்கும் அவருக்கும் நடுவே, அதே வேலிக்காலில், முழு வெயிலில் உட்கார்ந்திருந்தான். முக்காலி மேல் கேமரா நான் வைத்தபடியே அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஹோஸும் கையுமாக நின்றேன். தண்ணீர் என் ஷூவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குருவி எழுந்து பறந்ததும் ஓடினேன்.

“ஏனுங்க, அமுத்துனீங்களா?”

“எத அமுத்தோணும்னு தெரியல. இருந்ததையெல்லாம் அமுத்திப்போட்டேன்.”

அவர் அமுக்கிய வேகத்தில் கேமரா ஆடி, பெரும்பாலான படங்கள் வானமும் கம்பியுமாக இருந்தன. ஒன்றே ஒன்றில் குருவி கிடைத்துவிட்டது. செங்கல் நிற மார்பில் இறகு இறகாகத் தெரிகிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பும்போது, வெளி வரிசையிலிருந்து ஒரு பிடி கேரட்டைத் தழையோடு பிடுங்கிக் காருக்குள் வைத்தார் சரோஜா அக்கா. எங்கள் ஊரில் மார்கழிப் பனி என்றால் பைக் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறுவோம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கேரட் நறுக்கும்போது கேத்தியில் இன்று பனி விழுந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார். குருவிக்குப் பின்னால் மங்கலாக ஒரு பச்சை, அதில் ஹோஸ் பிடித்தபடி ஓர் உருவம். “நாந்தான் எடுத்தேனுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பின்னால் நிற்பது யார் என்று யாராவது கேட்டால், “அதுங்களா? தோட்டத்துக்குத் தண்ணி கட்டறவங்க” என்கிறார், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. நான் மறுப்பதில்லை. அன்றைக்குத் தண்ணீர் கட்டியது நான்தானே.