அம்மன் காத்துக் கொடுத்த இடது கண்

என் வலது கண்ணில் பார்வை கிடையாது. இங்கே கூடியிருக்கிற உங்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மன் அருளால் எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. எனக்கு எல்லாம் சரியாகவில்லை. ஆனாலும் என் வேண்டுதல் பலித்தது.

நான் ஐயம்பேட்டைக்காரி. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முடிச்சுப் போடுவது என் வேலை. கண்தான் சோறு போட்டது. போன ஆடியில் வலது நெற்றியில் கொப்புளம் கொப்புளமாக அக்கி வந்தது. எல்லாரையும் போலக் குயவர் வீட்டுக்குப் போய், காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டேன். மூன்று நாள் எழுதினார். கொப்புளம் காய்ந்தது. ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அடுத்த வாரம் வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டாலே வலி. கொசு பறக்கிற மாதிரி கறுப்புப் புள்ளிகள். டாக்டரிடம் போகவில்லை. வெள்ளியில் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்தி, "தாயே, யாரையாவது அனுப்பி என் கண்ணைக் காப்பாத்து" என்று அழுதேன்.

மறுநாள் காலை வாசலில் வந்து நின்றவள் என் நாத்தனார் வசந்தா. கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறாள். என் மகளின் மஞ்சள் நீராட்டில் அவள் கொண்டுவந்த வரிசைத் தட்டைக் குறை சொல்லி நான் பேசிய பேச்சில், நான்கு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. எனக்கு அக்கி என்று கேள்விப்பட்டு வந்தாளாம்.

"அண்ணி, இது கண்ணுக்குள்ள எறங்கிக்கினு இருக்குது. அங்க நெறைய பேரைப் பாத்திருக்கேன். இப்பவே கெளம்பு."

"பெருக்குறவ எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டியா? போடி!"

போய்விட்டாள். பத்து நாளில் வலது கண்ணில் திரை போட்டது போல இருட்டு இறங்கியது. என் மகள் எனக்குத் தெரியாமல் அத்தைக்குப் போன் செய்தாள். வசந்தா ஆட்டோவோடு வந்தாள். "இந்த வாட்டி உன்னைக் கேக்க வரல அண்ணி" என்று கையைப் பிடித்து ஏற்றினாள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "அக்கியைக் கொண்டுவந்த வைரஸ்தாம்மா விழித்திரையையும் அரிச்சிருக்குது. முன்னாடியே வந்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம். இடது கண்ணுக்குப் போகாம பாக்கணும்" என்றார். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மாதக்கணக்கில் மாத்திரை. வலது கண் போனது போனதுதான். இடது கண் தப்பியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மனைத் திட்டினேன். உனக்குக் கண்மலர் போட்டேனே, என் கண்ணை ஏன் பறித்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. கேட்ட மறுநாளே அனுப்பிவிட்டாள். விரட்டியவள் நான். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

இப்போது பாதி வேகத்தில்தான் முடிச்சுப் போடுகிறேன். யாருக்கு அக்கி என்று கேள்விப்பட்டாலும் ஓடிப்போய், முதலில் டாக்டரைப் பார் என்கிறேன். வேண்டிக்கொள்ளுங்கள், அம்மன் கேட்பாள். அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

வசந்தா இங்கே என் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். முழுசாகத் திரும்பினால்தான் எனக்குத் தெரிவாள். இதுவரை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி, உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

"தப்பு என்னுது வசந்தா. என்னை மன்னிச்சுடும்மா."