ஒரே கைக்குட்டையில் இரண்டு பற்கள்

கிருமாம்பாக்கத்தில் பேருந்து ஏறிய அந்த அம்மையார் என் அருகில் அமர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். பயணச்சீட்டு கொடுத்த நடத்துநரின் முகத்தைப் பாராமல் பற்களையே பார்த்தார், என்னையும் அப்படியே. பிறகு மடியில் இரண்டு கைக்குட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பல்லின் வார்ப்பை எடுத்தார்.

முன்னிருக்கையில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

“இன்னாக்கா, பல் டாக்டரா?”

“இல்லம்மா. கங்காரு மாதிரி வயித்துப் பையில குட்டி வளர்த்த மிருகத்தோட பல்லு. எல்லாம் எப்பவோ அழிஞ்சிபோச்சி, பல்லுதான் மிச்சம். இது கூரு, இது மொட்ட. ரெண்டும் வேற வேற இனம்னு நான்தான் பேரு வச்சேன்.”

“எம் பொண்ணு பல்லு கூரா இருக்கும், எனக்குத் தேஞ்சி மொட்டையாயிடிச்சி. அப்ப நாங்க வேற வேற இனமாக்கா?”

அவர் அவளுடைய வாயை நெடுநேரம் பார்த்தார்.

“அந்தச் சந்தேகத்துலதாம்மா ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல.”

பிறகு குறிப்பேட்டைத் திறந்து, தாம் சூட்டிய இரு பெயர்களில் ஒன்றை அளவுகோல் வைத்து நேராக அடித்தார்.

அரியாங்குப்பத்தில் இறங்குமுன் இரண்டு பற்களையும் ஒரே கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மீந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்தது வியர்வைதானா என்பதை என்னால் இன்றுவரை வகைப்படுத்த இயலவில்லை.