கால் அணாவின் எதிர் விளிம்பு

குடவாசலில் நான் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பழைய காசு பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. கையில் ஒரு பூதக்கண்ணாடி, வீட்டில் ஒரு பெட்டி நிறையக் காசு. என் தகுதி அவ்வளவுதான். துபாய்க்கும் சென்னைக்கும் கிளம்புகிறவர்கள் வீட்டை ஒழிக்கும்போது அகப்படுவதையெல்லாம் என்னிடம் கொண்டுவருவார்கள். நாணயச் சாலையிலேயே பிழையாக அச்சாகிவிட்ட காசுக்கு நல்ல விலை உண்டென்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தபின் கூட்டம் அதிகமானது.

வந்தவை பெரும்பாலும் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியவை, புளி போட்டுத் தேய்த்தே எழுத்து போனவை. பிறவிக் குறை வேறு, பிறகு பட்ட அடி வேறு என்று எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவேன்.

எங்கள் தெருக் கோடியில் தையல் கடை வைத்திருந்த பெண்ணும் ஒருநாள் வந்தார். கணவர் மஸ்கட்டில் கொத்து வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொண்டுவந்தது ராஜா தலை போட்ட செப்புக் கால் அணா. அவருடைய அப்பாவின் பெட்டியில் கிடந்ததாம். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. நல்ல விலை போனால் மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கலாம் என்று நினைத்திருந்தார்.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெட்டின் உட்புறமும் மற்ற இடங்களைப் போலவே கறுத்திருந்தது. பின்னால் வெட்டியதென்றால் அங்கே செம்பு பளிச்சென்றிருக்க வேண்டுமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் மெல்லிய கீறல் ஒன்று தெரிந்ததும், எப்போதோ கத்தரியால் வெட்டியது, நாளாகிக் கறுத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன்.

"யாரோ வெட்டியிருக்காங்க. இதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நல்லா பாத்துட்டீங்களா சார்?"

"பாத்துட்டேன்."

காசைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இரண்டு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி வைத்தார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவரான ஒரு வங்கி ஊழியர், கிட்டத்தட்ட அதே மாதிரி காசு ஒன்றைத் தட்டில் வைத்திருந்தார். இதுபோல ஒன்றை வெட்டுப்பட்டது என்று திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அவர் காசைத் திருப்பிப் பிடித்தார்.

"எல்லாரும் வெட்டையே பாக்கறாங்க சார். நேர் எதிர் விளிம்பப் பாருங்க."

அந்த இடத்தில் விளிம்பு மழுங்கியிருந்தது. அவர் விளக்கினார். தகட்டிலிருந்து வட்டங்களாக வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிவிட்டால், அந்த வட்டம் ஓரம் குறைந்தே வெளியே வரும். அதை உருட்டி விளிம்பு எழுப்பும்போது குறைந்த பக்கத்தில் அழுத்தம் விழாது. அதனால் நேர் எதிரிலும் விளிம்பு சரியாக எழும்பாது. அச்சானபின் வெட்டிய காசில் எதிர் விளிம்பு முழுசாகவே இருக்கும்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், அந்தக் கால் அணாவின் எதிர் விளிம்பு எப்படியிருந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் தையல் கடைக்குப் போய்க் காசு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே கைகாட்டினார். நடுவில் கணவர் லீவில் வந்துபோயிருந்தார். வெட்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த குழந்தையின் அரைஞாண் கயிற்றில் காசு தொங்கியது.

"சும்மாதான கெடந்துச்சு. பத்தர்கிட்ட குடுத்து வளையம் வச்சேன்" என்றார்.

குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். வெட்டு கீழே வரட்டும் என்று பத்தர் வளையத்தை நேர் எதிரில் வைத்திருந்தார். வைப்பதற்கு முன் விளிம்பை அரத்தால் ராவி, பிறகு பற்றவைத்திருந்தார். நான் பார்க்க வந்த இடத்தில் பற்று உருகி மூடியிருந்தது. இரண்டு பக்கமும் அரம் தேய்த்த தடம்.

தஞ்சாவூரில் கேட்டதை முழுக்கச் சொன்னேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். குழந்தை என் பூதக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"அப்ப இது எதுன்னு இனிமே தெரியாதா?"

"தெரியாதுங்க."

கொஞ்ச நேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கே தெரியலன்னு சொல்லியிருந்தா, பத்திரமா வச்சிருப்பேன் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. குழந்தையை இறக்கிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார். நின்றுகொண்டே இருக்க முடியாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் என் சட்டைகளை அவர்தான் தைத்தார். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. சில வருஷங்களில் கணவர் குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்ய, குழந்தையோடு மஸ்கட் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது.

காசு கொண்டுவருகிறவர்களிடம் இப்போது பல சமயம் தெரியவில்லை என்றே சொல்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. கும்பகோணத்தில் காட்டிக்கொள்கிறோம் என்று எழுந்து போய்விடுகிறார்கள்.