அவளுடைய எண்ணெய்களுக்கு என் மூக்கு

கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி கழுத்துவலி, தோள்வலிக்கு வாசனை எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். லாவெண்டர் போன்ற தைலங்களை அப்படியே தோலில் பூசினால் எரியும். பாதாம், திராட்சை விதை என்று ஏதாவது ஓர் எண்ணெயில் சில சொட்டு விட்டுத்தான் தேய்க்க வேண்டும். புட்டியில் 'கேரியர் ஆயில்' என்றிருக்கும். எங்களுக்கு அது கலக்குகிற எண்ணெய். அதுதான் சீக்கிரம் கெடும். திராட்சை விதை எண்ணெய் திறந்த சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும்; எங்கள் பக்கத்தில் அதைக் கனச்ச மணம் என்போம். பாதாம் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால் பழுப்புக் கண்ணாடிப் புட்டி, இறுகிய மூடி, வெயில் எட்டாத கீழ்த்தட்டு. திறந்த தேதியை ஒட்டுவது என் வேலை. முகர்ந்து பார்ப்பது அவள் வேலை.

சென்ற மழைக்காலக் காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. அதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, வழக்கமாக வரும் பக்கத்து வீட்டு டீச்சர் பாதியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமி, கோச்சுக்காதேங்கோ. எண்ணெய் கனச்ச மணம் அடிக்கறது."

"அப்படியா? நேத்திக்குத்தானேடீ ரொப்பினேன்!" என்று மனைவி விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். எதுவும் தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல், அடியில் கிடந்த பழைய எண்ணெயின்மேல் புதியதை ஊற்றியிருக்கிறாள். கெட்டது சிறிது கிடந்தாலும் நல்லதையும் கெடுத்துவிடும். முன்பெல்லாம் முகராமல் ஊற்றமாட்டாள்.

டீச்சர் போனதும் சொன்னாள்: "மூக்கே செத்துப்போச்சு, ஏன்னா. காப்பியும் வெந்நியும் எனக்கு ஒண்ணுதான். கெட்ட எண்ணெயை மத்தவா மேல தேய்க்கறதுக்குப் பதிலா இதையே நிறுத்திடறேன்."

"என் மூக்கு சும்மாத்தானே இருக்கு?"

"உங்க மூக்கா? ஊசின சாம்பாரை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவராச்சே!"

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றே எண்ணெயைக் கொட்டினோம். புட்டியைக் கழுவி, துளி ஈரமில்லாமல் உலர்த்தினோம். கெட்டதில் கொஞ்சம் மட்டும் தனியே எடுத்துவைத்து என்னிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு, சொல்லுங்கோ."

நெடுநேரம் முகர்ந்தேன். "குழந்தைகளோட பழைய கிரேயான் டப்பா மாதிரி."

"அதேதான்!" என்றாள். அந்த வாடை அவளுக்கு நினைவில் எங்கோ திரும்பக் கிடைத்தது போலிருந்தது. புதிய பாதாம் எண்ணெயை நீட்டினாள்.

"ஒண்ணுமே இல்லை. கடைசியில லேசா பருப்பு வாசனை."

"அப்படித்தான் இருக்கணும், கேட்டேளா. மறந்துடாதேங்கோ."

இப்போது சனிக்கிழமை காலையில் நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்கிறேன். அவள் எதிரே உட்கார்ந்து, என் மூக்கை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. முன்னறையிலிருந்து டீச்சர் குரல் கொடுப்பாள்.

"மாமா, பாஸா?"

"பாஸ்."

அதற்குப் பிறகுதான் என் மனைவி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொள்வாள்.