மிச்சம் வைத்த ஒரு செம்புத் தண்ணீர்

என் மனைவியின் வயிற்றில் ஒரு பை இருக்கிறது. அதைச் சொல்லாமல் எங்கள் காம்பர் வானைப் பற்றி எழுத வழியில்லை. எழுதட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "எழுதுங்கோ. நான் என்ன களவெடுத்தனானே?" என்றாள். பிறகு திரும்பி வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டாள்.

நாலு வருடத்துக்கு முன் அவளுக்குக் குடலில் பெரிய ஒப்பரேசன் நடந்தது. பழுதான பகுதியை எடுத்துவிட்டு, மிச்சக் குடலை வயிற்றில் ஒரு சின்ன வாயாகத் திறந்து, அதன் மேல் பையை ஒட்டிவிட்டார்கள். நிறைய நிறைய அதை வெறுமையாக்க வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோலைக் கழுவித் துடைத்து, புதியதை ஒட்ட வேண்டும். ஆஸ்பத்திரித் தாதி இரண்டு நாள் காட்டிக் கொடுத்தாள். மூன்றாம் நாள், ஓரத்தைச் சரியாக அழுத்தவில்லை என்று இவள் தாதிக்கே திருத்தம் சொன்னாள். நான் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இப்படியான விசயங்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வராது.

மூன்று மாதத்தில் அவள் லண்டன் ஹரோவில் தான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டாள். எல்லாம் சரிவந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு ஒரு கலியாணத்துக்காக பேர்மிங்ஹாமுக்கு ரயிலில் போனபோது பை கசிந்தது. எங்கள் பெட்டியில் இருந்த கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பட்டுச் சேலையோடு, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி, இறங்கும் வரைக்கும் அவள் நின்றுகொண்டே வந்தாள். நாங்கள் கலியாண வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில், விம்பிள்டன் பிள்ளையார் கோயில், பள்ளிக்கூடம், வீடு, இவ்வளவுதான் அவளுடைய உலகம். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. "எனக்கு என்ர தண்ணி வேணும், என்ர கதவு வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் வான் வந்தது. உள்ளேயே தங்கிப் பயணம் போகிற பழைய வான்தான், ஆனால் அதில் ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு சுடுதண்ணீர்ப் பெட்டி, கைகழுவும் தொட்டி, ஒரு குறுகிய குளியலறை, அதற்கு உள்ளிருந்து பூட்டும் கதவு. அந்த முதல் கோடையில் வேல்ஸ் கடற்கரை வரைக்கும் போனோம். அவள் முன் ஆசனத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, வாழைக்காய்ப் பொரியல் கொறித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது, இந்த மனுசியை எவ்வளவு நாள் வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது.

குளிர் காலத்தில் வானை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதென்றால், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. இருந்தால் உறைந்து, விரிந்து, குழாயையும் பெட்டியையும் வெடிக்கப் பண்ணிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. முதல் வருடம் நான்தான் செய்தேன். தாங்கியின் அடி வாயைத் திறந்தேன், சுடுதண்ணீர்ப் பெட்டியின் வாயைத் திறந்தேன், குழாய்களைத் திறந்தேன். தண்ணீர் வாசலில் ஓடி, கடைசியில் நூல் போல மெலிந்தது. அந்த நேரத்தில் என் கை தானாகவே போய் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. ஒரு செம்பளவு தண்ணீர் உள்ளே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

ஏன் என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பயணம் போகும்போது "போறன்" என்று சொல்லமாட்டோம், "போட்டு வாறன்" என்போம். அரிசிப் பானையைத் துடைத்து வைக்கமாட்டோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது குடத்தில் கொஞ்சமாவது தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போவோம். வெறுங்குடம் சகுனத்துக்கு ஆகாது. அந்த வான் அவளுடைய உயிர் மாதிரி. அதை வறட்டிப் போட எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடம் லண்டனில் இருந்து, வரி கட்டி, வாக்குப் போட்டு, குளிரைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் செய்த வேலை இது.

மார்ச் மாதம் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது பம்ப் பிளந்திருந்தது. சுடுதண்ணீர்ப் பெட்டியின் மூட்டு வெடித்து, ஆசனத்துக்கு அடியிலெல்லாம் வெள்ளம். நான் விட்ட அந்தக் கொஞ்சத் தண்ணீர், இருக்கிற இடங்களுக்குள் பள்ளமான இடமாகப் பார்த்துப் போய்த் தங்கி, அங்கேயே உறைந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன்? "வித்தவன் ஏமாத்திப்போட்டான். பழைய பம்பைத் தலையில கட்டிவிட்டான்" என்றேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அதில் போனது பம்ப் மட்டுமல்ல. அவளுடைய ஒரே தங்கச்சி கிளாஸ்கோவில் இருக்கிறாள். பல வருடம் காத்திருந்து, நாற்பதை எட்டும்போது கிடைத்த முதல் பிள்ளை அந்த ஏப்ரலில் பிறந்தது. தாய் இல்லாத வீடு. முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழியும் வரைக்கும் கூட நின்று, பிள்ளையைக் குளிப்பாட்டி, பிள்ளைத்தாய்க்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்க இவள்தான் போவதாக இருந்தது. மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருந்தாள். வான் இல்லை என்றானதும் அந்தப் போத்தலைத் துணியால் சுற்றி, பெட்டியில் வைத்து, தபாலில் அனுப்பினாள். உதிரிப்பாகங்கள் வந்து வான் திருந்தவே கோடை முடிந்துவிட்டது. அதற்குள் அவளுக்கு இன்னொரு சின்ன ஒப்பரேசன். பிள்ளை தவழ்ந்ததையும் பல் முளைத்ததையும் போனில்தான் பார்த்தாள். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அவள் பள்ளிக்கூடச் சமையலறையின் பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இந்த முறை தண்ணியை நான் எடுக்கிறன். நீங்கள் கீழ வெளிச்சம் தெரிய ரோச்சைப் பிடியுங்கோ."

"உமக்கு வானைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன்.

"பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு லீவுக்கும் பெரிய பொயிலரைத் தண்ணி வடிச்சுக் காயப்போடுறது ஆர் எண்டு நினைச்சீங்கள்? பிள்ளையின்ர முதல் பிறந்தநாளுக்கு நான் கிளாஸ்கோவில நிக்க வேணும். எனக்கு இதில பிழை வரப்படாது."

பிறகு அவள் வேலை செய்த விதத்தை நான் எப்படிச் சொல்வேன்? முதலில் முன் சில்லுகளை இரண்டு பலகைத் துண்டின் மேல் ஏற்றச் சொன்னாள். வான் பின்னுக்குச் சரிந்தால் தண்ணீர் அடி வாய்க்குத் தானாக வரும். இது எனக்குத் தோன்றவே இல்லை. சுடுதண்ணீர்ப் பெட்டியை முதல்நாளே அணைத்து ஆறவிட்டிருந்தாள். பம்பை நிறுத்தினாள். குழாய்களின் பிடியைச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் வைத்துத் திறந்தாள், இரண்டு பக்கமும் வடிய வேண்டும் என்பதற்காக. குளிக்கும் பூவாளியைக் கொளுக்கியில் இருந்து எடுத்து, தரையில் தாழ்த்திப் பிடித்து உதறினாள். தண்ணீர் வடிகட்டியைக் கழற்றி, கவிழ்த்துத் துடைத்தாள். அவசரமும் இல்லை, அருவருப்பும் இல்லை. தன் வயிற்றுப் பையை மாற்றும்போதும் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் சொல்ல முடியும், நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லையே.

அரை மணித்தியாலத்தில் தண்ணீர் நூலாக மெலிந்தது. நான் குனிந்து அடி வாயில் கையை வைத்தேன்.

"காணும், இனிப் பூட்டுவம்."

"ஏன்? இன்னும் வருகுதே."

"கொஞ்சம் கிடக்கட்டும்."

சொல்லி முடிய முதலே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வானுக்குள் இருந்து இறங்கி வந்து என்னைப் பார்த்தாள்.

"போன வருசமும் கொஞ்சம் கிடக்கட்டும் எண்டுதான் விட்டனீங்களோ?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "ஓம்" என்றேன். வெறுங்குடம், சகுனம் என்று ஏதோ உளறினேன். அவள் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

"தங்கச்சிக்குச் சரக்குத் தூளை நான் தபாலில அனுப்பினனான்" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு அது பழக்கம். இவள் சத்தம் போடவில்லை. வெட்கமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரோச்சை அணைத்து அணைத்துப் போட்டேன்.

அவளே முதலில் எழும்பினாள். "இவ்வளவு காலமும் இதை வயித்துக்குள்ள வைச்சிருந்தனீங்களே? என்ர வயித்துக்குள்ள ஒரு நேரத்துச் சாப்பாடே நிக்குதில்லை" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு காற்று மெத்தைக்கு அடிக்கும் கால்பம்பைக் கொண்டுவரச் சொன்னாள். அதன் வாயில் துணியைச் சுற்றிக் குழாயில் இறுக்கிப் பிடித்தாள். நான் மிதித்தேன். உள்ளே இருந்த மிச்சமெல்லாம் களகளவென்று இருமிக்கொண்டு வெளியே வந்தது. நிறையத்தான் வந்தது. ஒவ்வொரு குழாயிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள்.

"வெறுமையாக் கிடக்கெண்டு யோசிக்காதேங்கோ" என்றாள் கடைசியில். "முழுக்கக் காத்து நிரம்பிக் கிடக்கு."

அதோடும் விடவில்லை. மூலை முடுக்கில் நிற்பது குலுங்கி வரட்டும் என்று, அடி வாய்களைத் திறந்தபடியே வானை ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். ஹரோவின் தெருக்களில் சொட்டிக்கொண்டே போனோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு விடுகிற நேரம். பிள்ளையைக் கூட்ட வந்த ஒருவர், "அண்ணை, நிப்பாட்டுங்கோ! தண்ணி ஒழுகுது!" என்று வானில் தட்டிக்கொண்டே ஓடிவந்தார். அவள் கண்ணாடியை இறக்கினாள். "ஓம் தம்பி, தெரியும். ஒழுகத்தான் விட்டனாங்கள். நன்றி" என்று ஒரு மந்திரி மாதிரிக் கையசைத்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில், "எல்லாப் பைப்பும் திறந்து கிடக்கு. தண்ணி விட முன்னம் பூட்டவும்" என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினாள். எழுத்து என்னைப் பார்த்தே எழுதியதுபோல் பெரிதாக இருந்தது.

அந்தக் குளிர் பொல்லாத குளிர். விடிய எழும்பினால் வானின் கண்ணாடி முழுக்க வெள்ளை படர்ந்திருக்கும். நான் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வானை எட்டியும் பார்க்கவில்லை. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவளுக்குப் பயம் எதற்கு?

மார்ச் கடைசியில் தாளைக் கிழித்து, குழாய்களைப் பூட்டி, தண்ணீர் விட்டோம். பம்ப் உறுமியது. குழாய் இரண்டு தரம் துப்பிவிட்டு ஒழுங்காக ஓடியது. நான் ஆசனத்துக்கு அடியில் தலையை விட்டு, ஒவ்வொரு மூட்டையும் கடதாசித் துணியால் ஒற்றிப் பார்த்தேன். துணி காய்ந்தே இருந்தது. அவள் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள். என்னைப் போல யன்னலில் நின்று காட்டவில்லை, அவ்வளவுதான்.

கிளாஸ்கோவுக்கு இரண்டு நாளாகப் போனோம். வழியில் நாலு இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் அவள் உள்ளே போய்க் கதவைப் பூட்டுவாள். நான் வெளியே மழையில் நின்று, தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்தாள். இவள் உடனே பிள்ளையை வாங்கவில்லை. வானுக்குள் திரும்பிப் போய், கையைச் சூடாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கினாள். பிள்ளை இவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அக்காவும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

உள்ளே சோபாவில் இருந்த பிறகு தங்கச்சி கேட்டாள்: "போன வருசம் ஏலாதெண்டனி. இப்ப எப்பிடியக்கா இவ்வளவு தூரம் வந்தனி?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாரானேன். எனக்கு அது வேண்டும்தான்.

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உன்ர அத்தான்தான். குளிருக்கு முன்னம் மெனக்கெட்டு, வான்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காமல் எடுத்தவர். அதாலதான் நான் வந்தனான்."

தங்கச்சி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வானை ஒருக்கா பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே வந்துவிட்டேன். வானில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.