தோராவின் எட்டு நாற்காலிகள்

எழுபது தாண்டிய தோராவுக்கும் ஐகிலுக்கும் கல்யாணம் என்றதும் எங்கள் ஃபூன் தீவே வாயைப் பிளந்தது. எனக்கு ஆச்சரியமே இல்லை. நாற்காலித் தொழிற்சாலையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கைக்குக் காகிதக் கயிறு பின்னியவர்கள். அவள் என்றைக்கு ஊர்ப் பேச்சைக் கேட்டாள், இப்போது கேட்க!

அவள் வீட்டில் எட்டு தேக்கு நாற்காலிகள். மரவேலை முழுக்க அவள் முதல் புருஷன் ஸ்வென் செய்தது, பின்னல் அவளுடையது. ஸ்வென் போய்ச் சேர்ந்து வெகுகாலமாச்சு. அவற்றை விற்றுவிடலாம் என்று மகன் பிரெபென் கோபன்ஹேகனிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரியைக் கூட்டிவந்தான்.

"அந்தக் காலத்துப் பின்னல் ஒரு இழைகூட அறுந்துபோகல. எட்டும் இப்படியே இருந்தாத்தான் எனக்கு வேணும். திங்கக்கிழமை வண்டி அனுப்புறேன், அதுவரை யாரும் உட்காராம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

கல்யாணமோ சனிக்கிழமை.

"மண்டபத்துல பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும்மா" என்றான் பிரெபென்.

"என் கல்யாணத்துல நான் பிளாஸ்டிக்ல உட்காரணுமாடா?"

"அப்பா செஞ்சதுல அந்த ஐகில் உட்காரக் கூடாது!"

ஓ, சங்கதி இதுதானா! ஊர் பேர் தெரியாத எவனோ உட்காரலாம், அம்மாவைக் கட்டிக்கொள்ளும் மனுஷன் உட்காரக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை காலையில் என் வண்டியில் எட்டையும் ஏற்றி மண்டபத்தில் இறக்கினோம்.

பிரெபென் எதிலும் உட்காராமல் சுவரோரம் நின்றான். பன்றி வறுவல் பாதி தீர்வதற்குள் யாரோ கரண்டியால் குவளையைத் தட்ட, மொத்தக் கூட்டமும் தட்டியது. அந்தச் சத்தம் கேட்டால் பொண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலி மேல் ஏறி நின்று முத்தம் கொடுத்தே ஆகவேண்டும்.

"ஏறாதேம்மா! பின்னல் போயிடும்! செருப்பையாவது கழட்டு!" என்று கத்தினான் பிரெபென்.

"நான் வேணா கீழயே நிக்கிறேன் தோரா" என்றார் ஐகில், பாவம்.

"ஏறுய்யா மேல!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். செருப்போடு ஏறினாள். கொடுத்தாள் பாருங்கள் ஒரு முத்தம், மண்டபமே அதிர்ந்தது.

இறங்கியபோது அவள் நாற்காலியில் இரண்டு இழை அறுந்து தொங்கியது. பிரெபென் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"போச்சு. இனிமே அந்தாளு வாங்க மாட்டாரு."

"அதுக்குத்தாண்டா குதிகால் உசந்த செருப்பு போட்டேன். இழையை நான் மாத்திப் பின்னிக்குவேன்" என்றாள் தோரா. "உங்கப்பா வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் நிக்க வச்சதில்ல. நீ ஏன் காலையிலேர்ந்து நிக்கிறே? உட்காருடா."

பிரெபென் ஐகிலுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.